பருப்புக்கு ஒரு துண்டுச் சவர்க்காரம்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். சராசரி எடுப்பதைப் பற்றியோ அட்டவணை போடுவதைப் பற்றியோ நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சொல்லக்கூடியது வேறு. விலை கேட்டுக்கொண்டு திரிகிற ஆளை எவருக்கும் பிடிக்காது. அவள் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. கேட்கிறாள், எழுதுகிறாள், சைக்கிளில் ஏறிப் போய்விடுகிறாள். எழுதியது எங்கே போகிறது, அதனால் தங்களுக்கு என்ன வந்து சேரப்போகிறது என்று சனம் யோசிக்கத்தான் செய்யும். யோசிக்காத சனத்தை நான் கண்டதில்லை.

எண்பத்து நான்கில் நான் சேர்ந்தபோது எங்கள் புள்ளிவிவரக் கந்தோரின் வேலை சுலபமாகத் தோன்றியது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு குடும்பம் சீவிக்க என்ன செலவாகிறது, ஊரில் என்ன செலவாகிறது என்று விசாரித்து ஒப்பிட்டுக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அரிசி, மீன், விறகு, வாடகை, பஸ் கூலி. கேட்டால் சொல்வார்கள், எழுதலாம் என்று நினைத்துக்கொண்டு குருநகர்க் கடற்கரைக்குப் போனேன்.

அங்கே மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் விளைமீன் என்ன விலை என்று கேட்டேன். சொன்னார். எழுதிக்கொண்டேன். நான் அந்த இடத்தைவிட்டு நகர முன்னரே வேறொரு பெண் வந்து அதே மீனைக் கேட்டார். அவருக்குச் சொன்ன விலை வேறு.

"எனக்கு வேறை விலையெல்லோ சொன்னனீங்கள்?" என்றேன்.

"அவ வாங்க வந்தவ. நீங்கள் கேக்க வந்தனீங்கள்" என்றார் அவர், மீனுக்குத் தண்ணீர் தெளித்தபடி. "கேக்க வாறாக்களுக்கு நான் என்ன விலையும் சொல்லலாம். என்ன, வரி போடப் போறியளோ?"

அன்றிலிருந்து நான் வெறுங்கையோடு எந்தக் கடைக்கும் போனதில்லை. எதையாவது வாங்கிக்கொண்டுதான் விலை கேட்பேன். என் சொந்தக் காசில் தேவையில்லாத வெந்தயமும் கற்பூரமும் வீடு முழுக்கச் சேர்ந்தன. ஆனால் வாங்கினால் மட்டும் உண்மை விலை தெரிந்துவிடும் என்று நம்பியிருந்தேனே, அந்த நம்பிக்கையைத் தொண்டைமானாறு என்ற ஊர் உடைத்தது. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

தொண்ணூறுக்குப் பிறகு சண்டையால் பாதை பூட்டப்பட்டு, தெற்கிலிருந்து சாமான் வருவது குறைந்துபோன காலம். உங்களில் சிலர் அப்போது குழந்தைகள். ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்தோம். சவர்க்காரம் இல்லாமல் பனங்காய்க் களியைப் போட்டு உடுப்புத் தோய்த்தவர்கள் உண்டு. தேத்தண்ணீரை வாயில் வைத்துப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டோம். அந்த நாட்களிலும் எங்கள் கந்தோர் திறந்திருந்தது. சம்பளம் வந்தது. நாங்களும் விலை கேட்கப் போய்க்கொண்டிருந்தோம்.

பட்டினத்துக்கும் ஊருக்கும் இருந்த வித்தியாசம் அப்போது தலைகீழாக மாறிவிட்டது. முன்னெல்லாம் ஊரில் சீவியம் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். விறகு வேலியில் கிடைக்கும், முருங்கைக்காய் பக்கத்து வீட்டில் கிடைக்கும், களப்பு இறால் கரையிலேயே கிடைக்கும். இப்போதும் அவை கிடைத்தன. ஆனால் சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, மண்ணெண்ணெய் என்று வெளியிலிருந்து வர வேண்டியவை முதலில் பட்டினத்துக்கே வந்தன. பட்டினத்தில் காசுள்ளவன் நெஞ்சு பதைக்கப் பதைக்க விலை கொடுத்தாவது வாங்கினான். ஊரில் காசு வைத்திருந்தவனுக்கும் கிடைக்கவில்லை.

இந்த நேரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் அதிகாரி கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, சீனி என்று உலருணவு கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனம் அது. பேச்சிலே மரியாதையான மனிதர். யாழ்ப்பாணத்துப் பெற்றோர்தான், ஆனால் வளர்ந்ததெல்லாம் கொழும்பில்.

"கொழும்புல ஒரு அறைக்கு நாங்க குடுக்கிற வாடகையில இங்க ஒரு வீடே எடுக்கலாம்" என்று எங்கள் தலைவரிடம் சொன்னார். "பட்டினத்து முகாமுக்கும் ஊர் முகாமுக்கும் ஒரே அளவு குடுக்கிறது நியாயமா? ஊர்ல செலவு குறைவு. அதிலயும் தொண்டைமானாற்றில கோயில் மடத்தில இருக்கிற ஆட்களுக்குச் சந்நிதியில அன்னதானமும் இருக்கு. நீங்க விலையை விசாரிச்சுத் தாங்க. அதைப் பார்த்து ஊர்ப் பங்கைக் குறைக்கலாம்."

தலைவர் அந்த வேலையை என்னிடம் தந்தார். தொண்டைமானாறு உட்படப் பல ஊர்களுக்குப் போக வேண்டியிருந்தது. வல்லை வெளியைத் தாண்டிச் சைக்கிளில் போக மற்றவர்கள் விரும்பவில்லை. ஒதுங்க ஒரு மரம் இல்லாத வெட்டவெளி அது. ஹெலி சுட வந்தால் சைக்கிளைப் போட்டுவிட்டு உப்புத் தரையில் குப்புறப் படுக்க வேண்டியதுதான். எனக்கும் விருப்பமில்லை. ஆனால் யாரோ எழுதப்போகும் ஓர் எண்ணால் மடத்துச் சனத்தின் சாப்பாடு குறையப்போகிறது என்றால், அந்த எண்ணை நானே போய்ப் பார்ப்பது நல்லது என்று பட்டது.

தொண்டைமானாற்றில் அப்போது ஒழுங்காகத் திறந்திருந்தது ஒரேயொரு பலசரக்குக் கடை. கடைக்காரர் மகாலிங்கம் ஐம்பது வயதுக்காரர், மெல்லிய குரல். வாசலில் ஒரு பலகையில் சோக்கால் விலைகள் எழுதித் தொங்கவிட்டிருந்தார். எல்லாம் கட்டுப்பாட்டு விலை. சவர்க்காரம் பட்டினத்தைவிட மலிவு! வெளியிலிருந்து வருகிற சாமான் பட்டினத்தைத் தாண்டி, வல்லை வெளியைத் தாண்டி வந்து, வழியில் மலிந்து போகுமா? எனக்கு அந்தப் பலகையைப் பார்த்தவுடனேயே சந்தேகம் வந்துவிட்டது.

"ஒரு சவுக்காரம் தாங்கோவன், அண்ணை."

"இப்பதான் முடிஞ்சுது, மிஸ். நாளைக்கு வரும்."

"நெருப்புப்பெட்டி?"

"அதுவும் முடிஞ்சுது. நீங்கள் எந்தக் கந்தோர்?"

சொன்னேன். அவர் சிரித்தார். அது நம்பியவர் சிரிக்கும் சிரிப்பல்ல. கடையில் உப்புக்கும் தேயிலைக்கும் நின்ற இரண்டு பெண்கள் வாங்காமலே போய்விட்டார்கள். நான் திரும்பும்போது வெள்ளைச் சாரம் கட்டிய ஒருவர் சைக்கிளில் என் பின்னால் வல்லை வரை வந்தார். வேகமாக உழக்கினால் அவரும் வேகமாக உழக்கினார். இறங்கி நின்றால் அவரும் இறங்கிச் சங்கிலியைப் பார்ப்பதுபோல் குனிந்தார். அவர் யாருடைய ஆள் என்று எனக்குத் தெரியாது. நான் யாருடைய ஆள் என்று அவரும் யோசித்திருப்பார்.

கந்தோரில் தலைவர் சொன்னார்: "பிள்ளை, பலகையிலை இருக்கிறதை எழுதிப்போட்டு விடும். பலகை பொய் சொன்னால் அது பலகைக்காரன்ரை பிழை. எங்கடை பிழையில்லை."

இப்படிச் சொல்லும் தலைவர் உங்களுக்கும் ஒருநாள் வாய்ப்பார். அவர் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். பயந்தவர், அவ்வளவுதான். ஆனால் வாங்க முடியாத விலையை விலை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. திரும்பவும் போனேன். இந்த முறை கடைக்குப் போகாமல் நேரே மடத்துக்கு.

மடத்தில் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் சேலையால் இடத்தைப் பிரித்துக்கொண்டு இருந்தார்கள். வாசலோரம் றீற்றா என்ற பெண் தன் குழந்தைக்கு வேப்பிலைத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் விரலிடுக்கெல்லாம் சிரங்கு. துள்ளிய குழந்தையைப் பிடிக்க முடியாமல் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். புருஷன் மீன்பிடிகாரர், கடலுக்குப் போகத் தடை என்பதால் களப்பில் வலை எறிகிறார் என்பதையெல்லாம் பிறகுதான் அறிந்தேன். 

"நீங்கள் ஆரின்ரை ஆள்?" என்றுதான் முதலில் கேட்டார்.

விலை விசாரிக்க வந்திருக்கிறேன் என்றேன்.

"விலையோ? முந்தி ஒரு ஐயா வந்து மீன் என்ன விலை எண்டு கேட்டவர். களப்பு மீன் மலிவுதான் எண்டு நாங்களும் சொன்னம். அதுக்குப் பிறகு நிவாரணத்திலை மீன் ரின் குடுக்கிறதை நிப்பாட்டிப்போட்டினம். இப்ப நீங்கள் எதை நிப்பாட்ட வந்தனீங்கள்?"

 மழுப்பலாம் என்றும் தோன்றியது. மழுப்பியிருந்தால் அதோடு எல்லாம் முடிந்திருக்கும். "ஊரிலை செலவு குறைவு எண்டு உங்கடை பங்கைக் குறைக்க யோசிக்கினம். நான் எழுதுறதைப் பாத்துத்தான் முடிவெடுப்பினம். குறையலாம், குறையாமலும் விடலாம்" என்று உள்ளதைச் சொன்னேன்.

றீற்றா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழும்பினார். கோபம் முகத்தில் தெரிந்தது.

"உங்கடை காசுக்கு அந்தக் கடையிலை ஒரு சவுக்காரம் வாங்கிக்கொண்டு வாங்கோ பாப்பம்."

"போனமுறை கேட்டனான். முடிஞ்சுது எண்டவர்."

"அப்ப என்னோடை வாங்கோ."

உரப்பையிலிருந்து நிவாரணப் பருப்பை ஒரு சுண்டுப் பேணி நிறைய அளந்து சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடந்தார். கடையின் முன்பக்கம் போகவில்லை. பின் வேலியின் பொட்டு இடைவெளிக்குள்ளால் போனார். நான் வேலிக்கு வெளியே கிடுகு மறைப்பில் நின்றேன். மகாலிங்கத்தின் மனைவி வந்து பருப்பை வாங்கி ஒரு பெட்டியில் கொட்டினார். உள்ளே போய் ஒரு சவர்க்காரக் கட்டியை எடுத்துவந்து நூலால் அறுத்தார். அறுத்த துண்டு கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு சுண்டுப் பருப்புக்கு அதுதான்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பலகையில் எழுதிய விலைக்கு விற்றால் மகாலிங்கத்துக்கு நட்டம். கூட்டி விற்றால், கட்டுப்பாட்டு விலையைக் கண்காணிப்பவர்கள் வந்து கடையைப் பூட்டுவார்கள். பருப்புக்கு மாற்றினால் அது எந்தப் பலகையிலும் இல்லை. காசு கொண்டுபோகிறவளுக்குச் சவர்க்காரம் முடிந்துவிட்டது. பருப்பு கொண்டுபோகிறவளுக்கு முடியவில்லை. மடத்துச் சனம் பிள்ளைகளின் சிரங்கைக் கழுவுவதற்காகச் சாப்பாட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

றீற்றா போன பிறகு மகாலிங்கம் என்னைக் கண்டுவிட்டார். வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். அவருடைய மெல்லிய குரல் இன்னும் தாழ்ந்தது.

"மிஸ், உதை எழுதப் போறியளோ?"

நான் கொப்பியைப் பைக்குள் வைத்தேன்.

"எழுதினால் என்ரை கடையைப் பூட்டுவினம். ரவுணிலை இருந்து ஒருத்தன் உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு சைக்கிளிலை கொண்டு வாறான். அவன்ரை கூலியைப் பலகையிலை எழுதேலுமோ? கடையைப் பூட்டினால் உந்தச் சனம் ஆரிட்டைப் போகும்? அதையும் எழுதுங்கோ."

"அதுக்கு ஒரு சுண்டுப் பருப்போ, அண்ணை?"

"உங்களை ஆர் அனுப்பினது எண்டு எனக்குத் தெரியும்" என்றார் சட்டென்று. முகம் மாறிவிட்டிருந்தது. "நல்லாய்த் தெரியும்."

அவருக்குத் தெரியாது. எனக்கும் அவரைத் தெரியாது. அவர் சனத்துக்காகக் கெஞ்சினாரா, தன் பெட்டியிலிருந்த பருப்புக்காகக் கெஞ்சினாரா? இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

வல்லை வெளியில் எதிர்க்காற்றில் உழக்கிக்கொண்டு வரும்போது ஆத்திரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. அதற்குப் பதிலாக ஒரு யோசனை வந்து உட்கார்ந்துகொண்டது. பட்டினத்துச் சவர்க்கார விலையை எழுதினால் அதன் பின்னால் எத்தனையோ கடைகள் இருக்கும். எந்தக் கடை என்று எவராலும் சொல்ல முடியாது. தொண்டைமானாற்றுச் சவர்க்கார விலை என்று எழுதினால் அது மகாலிங்கத்தின் பெயரை எழுதுவதுதான். ஒரேயொரு கடை உள்ள ஊரில் விலைக்கு முகம் உண்டு. பிள்ளைகளே, இதை மட்டுமாவது நினைவில் வைத்திருங்கள். பெயர் எழுதாவிட்டால் ஆளைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

மறுநாள் கந்தோரில் அதிகாரி காத்திருந்தார். நான் வாய் திறக்க முன்னரே அவர் சொன்னார்: "நான் தொண்டைமானாற்றுக்குப் பக்கத்தில நெல்லியடிச் சந்தைக்குப் போயிருந்தேன். எங்க பருப்பு அங்க விக்குது. எங்க பருப்பேதான், எனக்குத் தெரியும். விக்கிற அளவுக்கு மிச்சம் இருக்குது என்றால் நாங்க கூடக் குடுக்கிறோம் என்றுதானே அர்த்தம்?"

தலைவர் தலையை ஆட்டினார்.

"மிச்சத்தை விக்கேல்லை, சேர்" என்றேன். "பிள்ளையளுக்குச் சிரங்கு. சவுக்காரத்துக்குப் பருப்பைக் குடுக்கினம். அந்தப் பருப்புத்தான் சுத்திச் சந்தைக்கு வருது."

"எந்தக் கடையில?"

"கடையையும் சொல்லமாட்டன், ஊரையும் சொல்லமாட்டன்."

தலைவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஏன் பிள்ளை, உமக்கு அந்தக் கடைக்காரன் என்ன முறை?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. இத்தனை வருடம் ஒரே அறையில் இருந்து வேலை செய்த மனிதர். நான் கோப்பாய்க்காரி, தொண்டைமானாறு இருக்கும் வடமராட்சியில் எனக்கு ஒருத்தரும் இல்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தும் கேட்டார். அந்தக் காலத்தில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கேட்டோம்.

"கடையைச் சொல்லாட்டி நான் எப்படி நம்புறது?" என்றார் அதிகாரி. குரலில் மரியாதை குறையவில்லை. "நீங்க சொல்றது கதையாகவும் இருக்கலாம்."

இரண்டு பக்கமும் பாருங்கள். கடையைச் சொன்னால் அவர் போய்ப் பார்ப்பார். அவர் பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். கடை பூட்டப்படும், மகாலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு போவார்கள், மடத்துக்கு அந்தத் துண்டும் கிடைக்காது. சொல்லாவிட்டால் பங்கு குறையும். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  பிறகு, எங்கிருந்து வந்தது என்று இன்றும் சொல்லத் தெரியாது, ஒன்று தோன்றியது.

"நீங்கள் என்னை நம்ப வேண்டாம், சேர். வாற முறை பருப்போடை ஒவ்வொரு குடும்பத்துக்கும் சவுக்காரமும் குடுத்துப் பாருங்கோ. பிறகு நெல்லியடிக்குப் போய்ப் பாருங்கோ. உங்கடை பருப்பு அங்கை அப்பவும் கிடந்தால் நான் சொன்னது பொய். நீங்கள் விரும்பின மாதிரிக் குறையுங்கோ. நானே கையெழுத்து வைச்சுத் தாறன்."

 நான் தன்னை ஏமாற்றுகிறேனா என்று அதிகாரி யோசித்திருப்பார். கடைசியில், "சரி, பார்ப்போம்" என்றார். அந்த மனிதரைப் பற்றி எனக்கு எவ்வளவோ சந்தேகம் இருந்தது. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எங்கெங்கோ அலைந்து அனுமதி எடுத்து, கப்பலில் வந்த சாமான்களோடு சவர்க்காரமும் வரப் பண்ணினார்.

அந்தப் பங்கு கொடுத்து முடியும்வரை எனக்கு அதே யோசனைதான். சனம் சவர்க்காரத்தையும் கொண்டுபோய் விற்றுவிட்டால்? மகாலிங்கம் வேறு ஏதாவது வழி கண்டுபிடித்துவிட்டால்? அதிகாரி என்னைக் கூப்பிடாமல் தனியாக நெல்லியடிக்குப் போனார். திரும்பி வந்து எங்கள் கந்தோர் வாசலில் நின்று, "பருப்பு இல்லை" என்றார். அவ்வளவுதான். ஊர்ப் பங்கும் பட்டினத்துப் பங்கும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று எழுதினார். சவர்க்காரமும் தொடர்ந்து வந்தது.

அடுத்த விசாரிப்புக்குப் போனபோது மகாலிங்கத்தின் கடை திறந்திருந்தது. ஒருவரும் வரவில்லை, பூட்டவில்லை. அவர் என்னை முகம் பார்க்காமல் உப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் என்ரை பேரைச் சொல்லேல்லை எண்டு தெரியும்" என்றார். "அதுக்காக உங்களை நம்புறன் எண்டு மட்டும் நினையாதேங்கோ. என்ரை யாவாரத்திலை மண் போட்டது நீங்கள்தான்."

அவர் சொன்னதில் பிழையில்லை. மண் போட்டதுதான். உப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

மடத்தில் றீற்றா பிள்ளையின் சட்டைகளைத் தோய்த்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். நிவாரணச் சவர்க்கார வாசம் வாசல்வரை வந்தது. குழந்தையின் கைகள் காய்ந்து வந்திருந்தன. நன்றி சொல்வார் என்று உள்ளுக்குள் நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் கேட்டது அப்படி உறைத்திருக்காது.

"சவுக்காரம் தந்திட்டியள். இப்ப இதுக்கு எதை நிப்பாட்டப் போறியள்?"

ஒன்றும் நிற்பாட்டமாட்டார்கள் என்று சொல்ல வாய் வந்தது. அதிகாரியை நினைத்தேன், தலைவரை நினைத்தேன், கொழும்பில் இருந்து எங்கள் எண்களைப் பார்க்கிறவர்களை நினைத்தேன்.

"தெரியாது, றீற்றா" என்றேன்.

"தெரியாது எண்டாவது சொல்லுறியள்" என்றுவிட்டு அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

மாரி முடிந்து நான் மறுபடி போனபோது அவர் என்னைக் கண்டதும் பாயை விரித்தார். அப்படி அவர் முன்னர் செய்ததில்லை. ஒரு பேணியில் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தார். வெறும் சாயம், கசப்பு. எதிரே உட்கார்ந்தார். நான் கேட்க முன்னரே சொல்லத் தொடங்கினார். இறால் என்ன விலை, தேங்காய் என்ன விலை, பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டுபோகச் சைக்கிள்காரன் என்ன கேட்கிறான், எல்லாம். நான் பேனையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன பாத்துக்கொண்டிருக்கிறியள்?" என்றார். "நிவாரணத்திலை சீனி போன மாசத்தோடை நிண்டிட்டுது. எழுதுங்கோ."